சுரண்டிய பெயின்டும் 1 நானோ ஃபாரட் கெப்பாசிட்டரும்: லோடு வண்டிக்கு ரேடியோ கட்டிய அனுபவம்

சென்ற செவ்வாய்க்கிழமை காலை 7 மணி இருக்கும். பாலக்காட்டில் காய்கறி மூட்டைகளை இறக்கிவிட்டுத் திரும்பி வந்துகொண்டிருந்த அண்ணன், உடுமலைப்பேட்டைக்கு அருகில் வண்டியை ஓரம் கட்டிவிட்டு என்னை அழைத்தார். "தம்பி, ஆக்சிலேட்டரை நன்றாக மிதித்தும் பார்த்துவிட்டேன். ஊளைச் சத்தம் இல்லை. கோடைப் பண்பலை வீட்டில் கேட்பதுபோலக் கேட்கிறது" என்றார். ஐந்து மாதமாக விட்டு விட்டுச் செய்த வேலை அன்றுதான் முடிந்தது. மறந்துபோகும் முன் எல்லாவற்றையும் எழுதி வைக்கிறேன்.

அண்ணன் ஒட்டன்சத்திரம் சந்தையிலிருந்து பாலக்காட்டுக்குக் காய்கறி ஏற்றிச் செல்கிறார். பழனி, உடுமலை, பொள்ளாச்சி வழியாக ஏறக்குறைய 140 கிலோமீட்டர். வண்டியில் முன்பு இருந்த ரேடியோ பழுதாகி இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. புதிதாக ஒன்று வாங்கிக்கொடுத்திருக்கலாம். ஆனால் அவருக்கு வேண்டியவை இரண்டே இரண்டு: கொடைக்கானலிலிருந்து ஒலிபரப்பாகும் கோடைப் பண்பலையின் 100.5 மெகாஹெர்ட்ஸ் வழியெல்லாம் விட்டுப்போகாமல் கேட்க வேண்டும். கைபேசியில் உள்ள பாட்டைக் கம்பி இல்லாமல் ஒலிக்க வைக்க வேண்டும். இருட்டில் தடவிப் பார்த்தே இயக்கும்படி பெரிய குமிழ் ஒன்று போதும், தொடுதிரை வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார். எனக்கும் சொந்தமாக ஒன்றைக் கட்டிப் பார்க்கும் ஆசை இருந்தது.

முதல் வடிவம் மேசைமேல் ஒரே வாரத்தில் தயாரானது. பண்பலைக்கு ஆர்டிஏ5807எம் சிப் உள்ள சிறிய மாட்யூல், அதை இயக்க நிரல் எழுதி ஏற்றும் சிறு கணினிப் பலகையான ஓர் ஆர்டுயினோ, சின்ன ஓலெட் திரை, புளூடூத் ஒலிப் பலகை, ஒலியைப் பெருக்க பிஏஎம்8403 ஆம்ப்ளிஃபையர், 12 வோல்ட்டை 5 வோல்ட்டாக்க எல்எம்2596 பலகை. முதல் நாளே ஒரு மாட்யூலை எரித்தேன். 3.3 வோல்ட்டில் ஓட வேண்டிய சிப்புக்கு 5 வோல்ட் கொடுத்துவிட்டேன். அதன் பிறகு 3.3 வோல்ட்டில் ஓடும் ஆர்டுயினோ புரோ மினிக்கு மாறினேன். மின்சாரம், தகவல் கம்பிகள் இரண்டும் ஒரே அழுத்தத்தில் இருப்பதால் அந்தக் கவலை நீங்கியது.

வீட்டில் ஒலி வந்தது, ஆனால் மந்தமாக இருந்தது. செய்தி வாசிப்பவர் போர்வைக்குள்ளிருந்து பேசுவதுபோல் ஒலித்தது. ஸ்பீக்கரைக் குறை சொல்லி இரண்டு நாள் வீணாக்கினேன். காரணம் சிப்பின் அமைப்பில் இருந்தது. பண்பலை ஒலிபரப்பில் உச்ச ஒலிகளைத் தூக்கி அனுப்புவார்கள்; வாங்கும் ரேடியோ அதே அளவுக்கு அவற்றைத் தாழ்த்த வேண்டும். அந்த அளவு அமெரிக்காவில் 75 மைக்ரோ வினாடி, நம் நாட்டில் 50. எதுவும் சொல்லாமல் விட்டால் இந்தச் சிப் 75 என்று எடுத்துக்கொள்கிறது. சிப் தன் அமைப்புகளைக் குறித்து வைத்திருக்கும் பதிவேடுகளில் 4 ஆம் எண் பதிவேட்டில் ஒரே ஒரு பிட்டை 1 ஆக்கியதும் குரல் தெளிந்தது.

மேசையில் நன்றாகப் பாடியதை வண்டியில் வைத்ததும் தொல்லை தொடங்கியது. 100.5 இல் வெறும் இரைச்சல். இந்தச் சிப்பில் எனக்குப் பிடித்த வசதி ஒன்று உண்டு: வாங்கும் அலையின் வலிமையை 0 முதல் 127 வரை ஓர் எண்ணாகச் சொல்லும். அதைத் திரையின் மூலையில் காட்டும்படி எழுதியிருந்தேன். இந்த வேலை முழுவதிலும் எனக்கு உதவிய அளவுகோல் அந்த எண்தான். வீட்டு மாடியில் 48 காட்டியது, வண்டிக்குள் 19 ஆக இறங்கியிருந்தது. எஞ்சினை முடுக்கினால் அந்த எண்ணும் தாவித் தாவி ஆடியது.

இரைச்சல் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க, மின் அலையைத் திரையில் வரைந்து காட்டும் ஆசிலாஸ்கோப் என்னிடம் இல்லை. பழைய பாக்கெட் ரேடியோ ஒன்று இருந்தது. அதை மீடியம் வேவில் நிலையம் இல்லாத இடத்தில் வைத்து, மருத்துவர் ஸ்டெதஸ்கோப்பை நகர்த்துவதுபோல ஒவ்வொரு பலகையின் மேலும் நகர்த்தினேன். எல்எம்2596 மேல் வந்ததும் ரேடியோ சீறியது. ஆம்ப்ளிஃபையர் மேல் வந்ததும் அப்படியே. இரண்டுமே மின்சாரத்தை நொடிக்கு லட்சக்கணக்கான முறை வெட்டி வெட்டித் தருபவை. எல்எம்2596 வெட்டுவது 150 கிலோஹெர்ட்ஸில். அந்த வெட்டின் கூர்முனைகள் மேலே பண்பலை வரை எட்டுகின்றன. மேசைமேல் ஆன்டெனா ஒரு மீட்டர் தள்ளி இருந்ததால் தெரியவில்லை. டேஷ்போர்டுக்குள் எல்லாம் ஒரு சாண் தூரத்தில் அடங்கியதும் தெரிந்துவிட்டது.

இரண்டையும் தூக்கிப் போட்டேன். மின்சாரத்துக்குப் பழைய 7805; வெட்டாமல், மிச்ச அழுத்தத்தைச் சூடாக விட்டுவிட்டு 5 வோல்ட் தரும் சிப். புரோ மினி, திரை, பண்பலை, புளூடூத் எல்லாம் சேர்ந்து 120 மில்லி ஆம்பியர்தான் இழுக்கின்றன. வண்டி ஓடும்போது 14 வோல்ட் வந்தாலும் 7805 இல் வீணாகும் சூடு ஒரு வாட்டைச் சற்றுத் தாண்டும். பெட்டியின் அலுமினியச் சுவரோடு சேர்த்துத் திருகினால் அதைத் தாங்கும். ஆம்ப்ளிஃபையருக்கு டிடிஏ7297. 12 வோல்ட்டில் நேரடியாக ஓடும், வெட்டும் வேலை இல்லை. பாக்கெட் ரேடியோ அதன்மேல் அமைதியாக இருந்தது. எண் 19 இலிருந்து 24 ஆனது. அதைவிட முக்கியம், ஆடாமல் நின்றது.

ஆனால் அரை மணி நேரம் ஓடியதும் பாட்டு நின்றுவிட்டது. ஆறிய பிறகு மறுபடி பாடியது, மறுபடி நின்றது. வண்டிக் கதவில் ஏற்கெனவே இருந்த ஸ்பீக்கர்கள் 4 ஓம். டிடிஏ7297 ஐ வடிவமைத்தவர்கள் 8 ஓமை மனத்தில் வைத்துச் செய்திருக்கிறார்கள். 4 ஓம் மாட்டினால் சிப் கொதித்து, தன்னைத் தானே காத்துக்கொள்ள நிறுத்திக்கொள்கிறது. தரவுத்தாளை வாங்கும் முன்பே படித்திருக்க வேண்டும். 8 ஓம் ஸ்பீக்கர் ஒரு ஜோடி 825 ரூபாய்க்கு வாங்கினேன். இந்த வேலையில் பெரிய செலவு அதுதான்.

அடுத்தது ஆன்டெனா. முதலில் 130 ரூபாய்க்கு ஒட்டும் வகை ஆன்டெனா ஒன்றை வாங்கி, கண்ணாடிக்குப் பக்கத்துத் தூணில் உட்புறமாக ஒட்டினேன். இரும்புக் கூண்டுக்குள் ஆன்டெனாவை வைத்துவிட்டு வெளியிலிருந்து வரும் அலையை எதிர்பார்ப்பது மூடிய பாத்திரத்தை மழையில் வைப்பது போலத்தான். 24 க்கு மேல் ஏறவில்லை. கூரைக்கு வெளியே போயே ஆக வேண்டும்.

அளவை நானே கணக்கிட்டேன். 300 ஐ 100.5 ஆல் வகுத்தால் அலைநீளம் 2.985 மீட்டர். அதில் கால்பங்கு 74.6 செ.மீ. கம்பியின் தடிமனால் 5 விழுக்காடு குறைத்து 71 செ.மீ. என்று வைத்துக்கொண்டேன். 3 மி.மீ. எவர்சில்வர் கம்பியை வெட்டினேன். எவர்சில்வரில் ஈயம் பிடிக்காது என்பதால் கம்பியின் அடியில் மரை வெட்டி, பித்தளை போல்ட்டோடு முறுக்கி, அந்த பித்தளையில் ஈயம் வைத்தேன். கூரையில் துளை போடப் பட்டறையில் தகடு வேலை செய்யும் டிங்கர் முதலில் ஒப்புக்கொள்ளவே இல்லை. "தண்ணீர் இறங்கினால் என்னைத்தான் கேட்பீர்கள்" என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. நீர் தேங்காத, சற்று மேடான இடத்தை அவரே விரலால் தட்டித் தட்டித் தேர்ந்தெடுத்து, 10 மி.மீ. துளை போட்டுக்கொடுத்தார். மேலும் கீழும் நைலான் புஷ், நடுவில் பித்தளை போல்ட், கீழிருந்து, நடுக்கம்பியைச் சுற்றி உலோகப் பின்னல் உள்ள ஆர்ஜி-58 கேபிள் மூன்று மீட்டர்.

மாட்டிப் பார்த்தால் எண் 31. ஏறியிருந்தது, ஆனால் மாடியில் கிடைத்த 48 எங்கே, இது எங்கே? கம்பியை ஒரு சென்டிமீட்டர் கூட்டியும் குறைத்தும் பார்த்தேன். ஒன்றிரண்டு புள்ளிக்கு மேல் மாறவில்லை. ஒரு ஞாயிறு முழுவதும் அப்படியே போயிற்று.

மாலையில் மல்டிமீட்டரை எடுத்து, கேபிளின் வெளிப் பின்னலுக்கும் வண்டியின் பாடிக்கும் இடையே அளந்தேன். பீப் வரவில்லை, அதாவது இணைப்பே இல்லை. கால் அலை ஆன்டெனாவில் கம்பி பாதிதான். மறுபாதி அதன் அடியில் விரிந்திருக்கும் இரும்புத் தகடு. கூரைத் தகடு அங்கேயே இருக்கிறது, ஆனால் பின்னலைத் தகட்டோடு இணைக்க வேண்டிய என் வாஷர் அதன்மேல் இருந்த பெயின்டில்தான் உட்கார்ந்திருந்தது. போல்ட்டைக் கழற்றி, கூரையின் உட்புறத்தில் துளையைச் சுற்றி ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு உப்புத்தாளால் தேய்த்தேன். முதலில் நீலம் போயிற்று. அதன் கீழே செங்கல் நிறத்தில் பிரைமர். அது கண்ணிலும் மூக்கிலும் பொடியாகக் கொட்டியது. பத்து நிமிடத்தில் வெள்ளி போலத் தகடு தெரிந்தது. பல் உள்ள நட்சத்திர வாஷரை வைத்து இறுக்கினேன். 0.3 ஓம். துருப்பிடிக்காமல் இருக்கச் சுற்றிலும் வாசலின் தடவினேன். திரையைப் பார்த்தேன்: 44. கம்பியைத் தொடவில்லை, சிப்பைத் தொடவில்லை. பெயின்ட் போனதில் மட்டும் 13 புள்ளி.

கோடைப் பண்பலை அவ்வளவு மாவட்டங்களில் கேட்பதற்குக் காரணம், கொடைக்கானல் 2,000 மீட்டருக்கு மேலான உயரத்தில் இருப்பதுதான். பண்பலை அலை ஏறக்குறைய நேர்கோட்டில் பாய்வது. மலை உச்சியிலிருந்து கிளம்பினால் சமவெளி நெடுந்தூரம் அதன் பார்வையில் இருக்கும். மலையின் காலடியிலோ நிழல் விழும். பழனியைச் சுற்றி அடிவாரத்தை ஒட்டிய சில வளைவுகளில் எண் 44 இலிருந்து 27 வரை இறங்குவதை அண்ணனோடு போன ஒரு பயணத்தில் பார்த்தேன். அங்கே தாக்குப்பிடிக்கத்தான் ஒவ்வொரு புள்ளிக்கும் இவ்வளவு மெனக்கெட்டேன். 27 இலும் பேச்சு புரிகிறது. 20 க்குக் கீழே போனால் புரியவில்லை.

அலை சரியான அன்றே ஊளை வந்தது. எஞ்சின் சுழற்சி ஏற ஏற அதுவும் சுருதி ஏறும். எஞ்சினோடு சுழன்று பேட்டரிக்கு மின்சாரம் ஏற்றும் ஆல்டர்னேட்டரின் சத்தம். அண்ணன் அதைப் பொறுத்துக்கொள்கிறேன் என்றார், என்னால் முடியவில்லை. முதலில் மின்சாரத்தைச் சந்தேகித்தேன். டேஷ்போர்டில் இருந்த கம்பியை விட்டுவிட்டு, பேட்டரியிலிருந்து இரண்டு கம்பிகளைத் தனியாக இழுத்தேன். பேட்டரி முனையிலிருந்து ஒரு சாணுக்குள் 3 ஆம்பியர் ஃப்யூஸ், சாவி போட்டால் மட்டும் இணைக்கும் ரிலே, தலைகீழாக மாட்டினாலும் எரியாமல் இருக்க 1என்5822 டையோடு, மின்னழுத்தத்தின் ஏற்ற இறக்கத்தைச் சமன்செய்ய 2,200 மைக்ரோ ஃபாரட் கெப்பாசிட்டர். ஊளை பாதியாகக் குறைந்தது. முழுதாகப் போகவில்லை.

ஆன்டெனா கேபிளைப் பிடுங்கியதும் ஊளை சட்டென்று நின்றது. அப்போதுதான் புரிந்தது. பெட்டியின் எர்த், அதாவது மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பும் வழி, தனிக் கம்பியில் போகிறது. நான் பாடுபட்டுச் சுரண்டி உண்டாக்கிய எர்த் கூரை வழியாகவும் பேட்டரிக்குப் போகிறது. இரண்டு வழிகள் சேர்ந்து ஒரு வளையம். ஆல்டர்னேட்டர் மின்சாரத்தின் ஒரு சிறு பங்கு என் கேபிள் பின்னல் வழியாகப் பாய்ந்து ஒலியில் கலக்கிறது. அலைக்குக் கூரை எர்த் வேண்டும், ஒலிக்கு அது கூடவே கூடாது.

இரண்டு நாள் யோசித்தபின் கெப்பாசிட்டர் நினைவுக்கு வந்தது. கேபிள் பின்னலுக்கும் பெட்டிக்கும் நடுவே 1 நானோ ஃபாரட் வைத்தால், 100 மெகாஹெர்ட்ஸ் அலைக்கு அது வெறும் 1.6 ஓம்; ஏறக்குறைய கம்பி போலத்தான். 500 ஹெர்ட்ஸ் ஊளைக்கோ 3 லட்சம் ஓமுக்கு மேல்; ஏறக்குறைய அறுந்த கம்பி. கேபிள் பெட்டிக்குள் நுழையும் இடத்தில் உலோகத்தில் படாமல் ரப்பர் புஷ் போட்டேன். பெட்டியையும் டேஷ்போர்டில் ரப்பர் வாஷர் வைத்தே திருகினேன். ஊளை அடியோடு நின்றது.

ஆனால் எண் 44 இலிருந்து 36 க்கு இறங்கியிருந்தது. இன்னொரு முறை பித்துப் பிடித்தாற்போல் தேடினேன். நான் வைத்த கெப்பாசிட்டருக்கு 3 செ.மீ. நீளக் கால்கள். அந்த அதிர்வெண்ணில் அந்தக் கால்களே சுருள் கம்பியாக நடந்துகொண்டு வழிமறிக்கின்றன. கால் இல்லாத, கடுகளவுச் சில்லு கெப்பாசிட்டரை பழைய பலகை ஒன்றிலிருந்து பெயர்த்து, பின்னலுக்கும் பலகைக்கும் இடையே 2 மி.மீ. தூரத்தில் ஈயம் வைத்துப் பற்றவைத்தேன். 43 ஆயிற்று. அத்தோடு நிறுத்திக்கொண்டேன்.

இதற்குள் புளூடூத் தனியாக ஒரு தகராறு செய்துகொண்டிருந்தது. பாட்டு இல்லாத நேரத்தில் பூச்சி கத்துவதுபோல விட்டு விட்டு ஒரு சத்தம். புளூடூத் பலகையும் ஆம்ப்ளிஃபையரும் ஒரே எர்த்தைப் பங்குபோடுவதால் வருவது. பி0505எஸ் என்ற சின்னக் கறுப்புக் கட்டி ஒன்று 110 ரூபாய்க்குக் கிடைக்கிறது. 5 வோல்ட்டை உள்ளே வாங்கி, எர்த்தைப் பிரித்து 5 வோல்ட்டாக வெளியே தருகிறது. அதன் வழியே புளூடூத்துக்கு மின்சாரம் கொடுத்ததும் பூச்சிச் சத்தம் போயிற்று. அதுவும் மின்சாரத்தை வெட்டுகிற வகைதான் என்பதால், பண்பலைக்கு மாற்றும் சுவிட்ச்சிலேயே புளூடூத்தின் மின்சாரமும் நிற்கும்படி கம்பி இழுத்தேன்.

பெட்டியை மூடியதும் கைபேசி இணைப்பு ஒரு முழத்துக்கு மேல் எட்டவில்லை. புளூடூத் பலகையின் ஓரத்தில் பாம்பு நெளிவதுபோல அச்சிட்டிருக்கும் கோடுதான் அதன் ஆன்டெனா. அலுமினியப் பெட்டி அதை அடைத்துவிட்டது. மூன்று மாதம் முன்பு இரும்புக் கூண்டுக்குள் ஆன்டெனாவை ஒட்டிய அதே பிழை. முன்பக்கத்தில் 5 செ.மீ.க்கு 3 செ.மீ. சன்னல் வெட்டி, அக்ரிலிக் துண்டு பொருத்தி, அந்த நெளிகோடு சன்னலை நோக்கி இருக்கும்படி பலகையைத் திருப்பினேன். கோட்டைச் சுற்றி ஒரு சென்டிமீட்டருக்குக் கம்பியோ திருகோ இல்லாமல் பார்த்துக்கொண்டேன். இப்போது அண்ணன் இறங்கி டீக்கடையில் நின்றாலும் பாட்டு அறுவதில்லை.

மிச்சம் இருந்தது நொடிக்கு நான்கு முறை கேட்ட ஒரு மெல்லிய டிக் டிக். திரையில் வலிமை எண்ணைப் புதுப்பிக்கும் ஒவ்வொரு முறையும் அது வந்தது. குமிழைத் திருப்பும்போது மட்டும் திரை மாறும்படி எழுதியதும் நின்றது. எண்ணைப் பார்க்க வேண்டுமென்றால் குமிழை அழுத்திப் பிடிக்க வேண்டும்.

அதிர்வைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பெரிய கெப்பாசிட்டர் ஆடாமலிருக்கச் சூட்டுப் பசையால் ஒட்டியிருந்தேன். வெயிலில் நிறுத்திய வண்டியின் டேஷ்போர்டுக்குள் அது இளகிவிட்டது. மூன்றே வாரத்தில் கெப்பாசிட்டரின் ஒரு கால் முறிந்தது. அடுத்து சிலிகான் வாங்கினேன். திறந்ததும் வினிகர் வாடை அடித்தது. அந்த வகை உலரும்போது அமிலம் வெளிவிடும், செம்பை அரிக்கும். அதைக் கூரைத் துளைக்கும் பயன்படுத்தாமல் ஒதுக்கிவிட்டு, வாடை இல்லாத நியூட்ரல் வகையைத் தேடித் திண்டுக்கல் வரை போய் வாங்கினேன். பலகைகளுக்கும் கூரைக்கும் அதுவே.

இப்போது வண்டியில் இருக்கும் பொருள்களுக்கு 2,730 ரூபாய் ஆகியிருக்கிறது. அதில் எரித்த மாட்யூலும் சேர்த்தி. தூக்கிப் போட்ட எல்எம்2596, பிஏஎம்8403, ஒட்டும் ஆன்டெனா மூன்றும் சேர்ந்து 260. ஆக 2,990. டிங்கர் துளை போட்டதற்குக் காசு வாங்க மறுத்துவிட்டார். அவர் பட்டறைக்கும் ஒரு ரேடியோ கட்டித்தருவதாகச் சொல்லியிருக்கிறேன்.

அடுத்ததைக் கட்டும்போது ஆன்டெனாவையும் எர்த்தையும் முதலில் முடித்துவிட்டு, அப்புறம்தான் பெட்டிக்குள் என்ன வைப்பது என்று பார்ப்பேன். நான் தலைகீழாகச் செய்ததில்தான் மாதங்கள் போயின. வலிமை எண்ணை ஒவ்வொரு மாற்றத்துக்கும் முன்பும் பின்பும் நோட்டில் எழுதுவேன். இந்த முறை பாதியை நினைவிலிருந்துதான் எழுதுகிறேன். அடியில் சுருள்வில் வைத்த கம்பி வேண்டும். உடுமலைப் பக்கம் சாலையோரப் புளிய மரக் கிளைகள் தாழ்ந்திருக்கின்றன, இப்போதுள்ள கம்பி ஏற்கெனவே ஒரு பக்கம் சற்று வளைந்துவிட்டது. ஸ்பீக்கர் கம்பியும் ஆன்டெனா கேபிளும் இப்போது ஒரே துளை வழியாகப் போகின்றன, அவற்றையும் பிரிக்க வேண்டும்.

ஐப்பசி மழை முடிந்ததும் கூரைப் போல்ட்டை ஒருமுறை கழற்றி, சுரண்டிய இடம் இன்னும் வெள்ளியாக இருக்கிறதா, 0.3 ஓம் அப்படியே இருக்கிறதா என்று பார்க்கப் போகிறேன்.